பெரணிகளின் பெற்றோரைக் காட்டும் புள்ளிகள்

அடுத்த கேள்வி. "நெருங்கிய பெரணி (ஃபெர்ன்) இனங்களை வேதிப் பகுப்பாய்வு மூலம் வகைப்படுத்த முடியுமா? டி.என்.ஏ. சோதனை வந்த பிறகும் அது தேவையா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் எல்லா உறவையும் அது சொல்லிவிடாது. கலப்பினத்தின் பெற்றோர் யார் என்று கேளுங்கள், அங்கேதான் அது கெட்டிக்காரத்தனம் காட்டும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் ஆஸ்ப்ளீனியம் பேரினத்தில் மான்டானம், பிளாட்டிநியூரான், ரைசோஃபில்லம் என்று மூன்று இனங்கள் இருக்கின்றன. கூடவே இதுவா அதுவா என்று குழப்பும் சில பெரணிகளும் உண்டு. எபெனாய்டிஸை எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் கீழ்ப்பகுதி பிளாட்டிநியூரான் போலப் பிளவுபட்டிருக்கும், நுனியோ ரைசோஃபில்லம் போல வால் நீண்டிருக்கும். இப்படிக் குழப்பும் பெரணிகள் கலப்பினங்கள் என்று 1954இல் தாவரவியலாளர் வாக்னர், உருவத்தையும் குரோமோசோம்களையும் வைத்து விளக்கினார். 1963இல் ஸ்மித்தும் லெவினும் அதைத் தாள் குரோமட்டோகிராபியால், அதாவது இலைச்சாற்றின் சேர்மங்களைத் தாளில் பிரித்துப் பார்க்கும் முறையால், சோதித்தார்கள்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். இலைச்சாற்றைத் தாளின் ஒரு மூலையில் சொட்டாக வைத்து, கரைப்பானைப் பரவவிட வேண்டும். உலர்ந்ததும் தாளைக் கால் சுற்று திருப்பி, வேறொரு கரைப்பானைக் குறுக்காகப் பரவவிட வேண்டும். பிறகு புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால், அதுவரை கண்ணுக்குத் தெரியாத சேர்மங்களும் வண்ணப் புள்ளிகளாக ஒளிரும். எபெனாய்டிஸின் தாளில் பிளாட்டிநியூரானின் புள்ளிகளும் ரைசோஃபில்லத்தின் புள்ளிகளும் சேர்ந்தே தென்பட்டன. இந்தச் சேர்மங்களை உருவாக்கும் நொதிகள் இரு பெற்றோரிடமிருந்தும் வந்து கலப்பினத்துக்குள் வேலை செய்வதுதான் காரணம். ஒரே செடியிலிருந்து மட்டும் இலை பறித்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இலையின் வயதும் வளரும் இடமும் புள்ளிகளை மாற்றக்கூடும்.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மான்டானத்தில் ஸாந்தோன் வகைச் சேர்மங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான மாஞ்சிஃபெரின் மாமரத்திலும் இருக்கிறது! அதற்காகப் பெரணியையும் மாமரத்தையும் பங்காளிகள் ஆக்கிவிட முடியுமா? ஒரே சேர்மம் தொடர்பில்லாத குலங்களிலும் தனித்தனியே தோன்றும். அதனால் வேதியியலை மட்டும் நம்பிக் குலமரம் வரைய நான் துணியமாட்டேன். அந்த வேலைக்கு டி.என்.ஏ.தான் சரி.

ஆனால் டி.என்.ஏ.விலும் எந்தப் பகுதியைப் படிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பெரணிகளில் பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) டி.என்.ஏ. பெரும்பாலும் தாய்வழியே வருகிறது. அதை மட்டும் படித்தால் கலப்பினத்தின் தந்தை கணக்கிலேயே வரமாட்டார். உட்கரு டி.என்.ஏ.வையும் படிக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத ஆய்வகத்தில், இரு பெற்றோரின் சாயலையும் ஒரே தாளில் காட்டும் இந்தப் பழைய முறை இன்றும் கைகொடுக்கும்.