பலகைக்கு அடியில் குனிந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் தச்சு வேலை செய்கிறவன். 30 வருஷத்துக்கு மேலாக ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை வட்டாரத்தில் கதவு, நிலை, ஜன்னல் என்று வேலை பார்த்து வருகிறேன். கொஞ்ச காலமாக இங்கே புதிதாக ஒரு வேலை வருகிறது. வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துப் பக்கம் மரப்பலகையில் மேடை. டெக் என்கிறார்கள். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருவதற்கு அருமையான இடம்தான். ஆனால் அதைப் போட்டவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஒன்றைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

"மேஸ்திரி, பலகை எல்லாம் வெளுத்துப்போச்சு, வந்து ஒரு பாலீஷ் போட்டுக் குடுங்க" என்றுதான் போன் வரும். போனதும் நான் மேலே பார்ப்பதில்லை. தரையில் படுத்து, டார்ச் அடித்து, அடியில் பார்ப்பேன். அந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

ஓசூர் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு நான்தான் மேடை போட்டேன். நல்ல தேக்கு. பலகைக்கும் பலகைக்கும் ஊசி நுழையாத அளவுக்கு நெருக்கி அடித்தேன். அதுதான் நேர்த்தியான வேலை என்று அப்போது நம்பினேன். மூன்றாவது வருஷம் ஐப்பசி மழை முடிந்து வெயில் அடித்த ஒரு நாள், அந்த வீட்டுப் பாட்டியம்மா வடகத் தட்டை எடுத்துக்கொண்டு மேடையில் கால் வைத்திருக்கிறார். ஓரப் பலகை முறிந்து, கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது. எலும்பு முறியவில்லை, தோல் வழண்டதோடு போயிற்று. நான் போய் அந்தப் பலகையைக் கழற்றித் திருப்பினேன். மேல்பக்கம் ஒரு குறையும் இல்லை. அடிப்பக்கம் பஞ்சு நூல் மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மரம் சின்னச் சின்னக் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. அந்தம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேடை முழுவதையும் என் செலவில் பிரித்து, வேறு பலகை போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு தப்பு செய்திருந்தேன். ஒன்று, இடைவெளி விடாதது. இன்னொன்று, ஓரப் பலகையில் வெளிறு இருந்ததைப் பார்த்தும் தேக்குதானே என்று விட்டது. தேக்கானாலும் வேங்கையானாலும், கெடாத மரம் என்கிற பேர் நடுவில் கெட்டியாக இருக்கிற வைரத்துக்குத்தான். வெளியே வெளுப்பாக இருக்கிற வெளிறு, எந்த மரத்தில் இருந்தாலும் சீக்கிரம் இற்றுப்போகும்.

மரத்தை மக்கச் செய்வது ஒரு வகைப் பூஞ்சைக் காளான். அது வளர ஈரம் வேண்டும். நம் ஊர் வெயிலில் நன்றாகக் காய்ந்த மரத்தில் ஈரம் 12 சதவீதம் போல இருக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அந்தக் காளானால் ஒன்றும் செய்ய முடியாது. மழை பெய்து நனைவதால் மரம் கெடாது. நனைந்தது காயாமல் கிடந்தால்தான் கெடும். கிணற்றுக்குள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிற கட்டை பல காலம் கெடாமல் இருக்கும், அங்கே காளானுக்குக் காற்று கிடைக்காது. வேலிக்கு நட்ட கம்பத்தைப் பிடுங்கிப் பாருங்கள். ஆழத்தில் உறுதியாக இருக்கும், மேலே உறுதியாக இருக்கும், மண்மட்டத்தில் மட்டும் இற்றிருக்கும். ஈரமும் காற்றும் சேர்கிற இடம் அது.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையைப் பாருங்கள். மரத்தூணைக் கல் பீடத்தின் மேல்தான் நிறுத்தியிருப்பார்கள். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கருங்கல்லுக்கா பஞ்சம்? மேடைக் கால் ஒவ்வொன்றுக்கும் தரைக்கு மேல் அரை அடி தெரிகிற மாதிரி ஒரு கல் வையுங்கள். கரையான் ஏறினாலும் அந்தக் கல்லின் மேல் மண்வரியாக ஏறுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். செம்மண் பூமியில் இது சின்ன விஷயம் இல்லை.

பலகைகளுக்கு நடுவே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிசு. அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் பராமரிப்பில் பெரிய பாதி. பக்கத்தில் புளியமரம் இருந்தால் சொல்லவே வேண்டாம். அந்தப் பொடி இலை சந்தில் விழுந்து, மழையில் ஊறி, பிண்ணாக்கு மாதிரி இறுகிவிடும். அதற்குள் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். தென்னை ஈர்க்கோ பழைய ரம்பத் துண்டோ எடுத்து, மாதம் ஒரு தடவை கீறிவிடுங்கள். பூந்தொட்டியைப் பலகை மேலேயே வைக்காதீர்கள். அடியில் மூன்று கல்சில்லு கொடுங்கள், காற்றுப் போகட்டும்.

சோதிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். பலகையின் அறுத்த முனை, சட்டத்தின் மேல் பலகை உட்காருகிற இடம், ஸ்க்ரூவைச் சுற்றி, இந்த மூன்றையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் திருப்பித் தள்ளும். கெட்ட மரம் நுனியை வாங்கிக்கொள்ளும். கைப்பிடியால் தட்டினால் நல்லது டங்கென்று கேட்கும், கெட்டது மொத்தென்று கேட்கும். அறுத்த முனையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மரம் என்பது குழல்களைக் கட்டி வைத்த கட்டு மாதிரி. முனை அந்தக் குழல்களின் வாய். பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். எண்ணெய் பூசும்போது முனைக்கு மட்டும் அது குடிக்கக் குடிக்க மூன்று நான்கு தடவை கொடுங்கள்.

வெளுத்துப்போனதைப் பற்றிக் கவலை வேண்டாம். வெயில் பட்டு மேல் தோல் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். உள்ளே மரம் அப்படியே இருக்கும். அதற்காக வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்து அடிக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மிருதுவான நாரெல்லாம் பிய்ந்துவிடும். தேங்காய் நார், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், மரத்தின் ரேகைப் போக்கில் தேய்த்தால் போதும்.

ஆணியைச் சுற்றிக் கறுப்பாக வடிந்திருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள், அதே சங்கதிதான் இது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். அதனால் வெளி வேலைக்கு இரும்பு ஆணி வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான்.

எண்ணெய் எப்போது? பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது. உடனே உறிஞ்சினால் நேரம் வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தையில் கழுவிக் காயவிட்டு, மாசியில் பூசுவது என் வழக்கம். வார்னிஷ் வேண்டாம். வெயிலில் அது தோல் மாதிரி உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் நிற்கும். வெறும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசினால் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துக் கறுக்கும். வெளிப்புற மரத்துக்கென்று பூஞ்சைத் தடுப்புச் சேர்த்த எண்ணெய் கடையில் கேளுங்கள். அடிப்பக்கச் சட்டங்களுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் நல்லது, கரையானுக்கும் பிடிக்காது. ஆனால் கையில் பட்டால் கொப்பளிக்கும், உறை இல்லாமல் தொடாதீர்கள். எந்த எண்ணெயானாலும் மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

அந்தத் துணியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். லின்சீட் ஆயில் மாதிரி காய்கிற எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தீக்குச்சி இல்லாமலே தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். என் பட்டறையிலேயே ஒரு மத்தியானம் சாக்குப்பைக்குள் புகைந்தது. சாப்பாட்டுக்குப் போகாமல் இருந்ததால் தப்பித்தோம். வேலை முடிந்ததும் துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெளியே கல் மேல் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில்.

வணக்கம்.