கருவறை இல்லாத கோயில்: ஜப்பானின் மிவா மலை

[காட்சி: ஓங்கிய சுகி மரங்களுக்கு நடுவே சரளைக்கல் பாதை. முடிவில் ஒரு மர மண்டபம்.]

வணக்கம். இந்த மண்டபத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வருகிறவர்கள் இரண்டு முறை குனிந்து வணங்குகிறார்கள், இரண்டு முறை கை தட்டுகிறார்கள், மறுபடி ஒரு முறை குனிகிறார்கள். சரி, மண்டபத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கருவறையா? இல்லை. மலைதான் இருக்கிறது.

நாரா மாகாணத்தின் சகுராய் நகரில் உள்ள ஓமிவா கோயில் இது. ஜப்பானின் பூர்வீக மதம் ஷிண்டோ; அதன் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. பெரும்பாலான ஷிண்டோ கோயில்களில் ஹோந்தென் என்ற கருவறை உண்டு. தெய்வம் உறைவதாக நம்பும் முகம் பார்க்கும் கண்ணாடியோ வாளோ அதற்குள் இருக்கும். இங்கே 467 மீட்டர் உயர மிவா மலையே ஓமோனோனுஷி என்ற தெய்வத்தின் திருமேனி. அதனால் கருவறை கட்டவே இல்லை.

[காட்சி: மண்டபத்தின் கூரை, அதற்கு மேலே மலை.]

இந்த மண்டபமும் பிற்காலத்தது. 1664-ல் அப்போது ஜப்பானை ஆண்ட தொகுகாவா வம்சத்தின் நான்காவது ஷோகன், அதாவது ராணுவ ஆட்சியாளர், இயெத்சுனா கட்டிக்கொடுத்தார். வழிபாடு அதைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதன் தடயத்தைத் தேட வேண்டிய இடம் கட்டடம் அல்ல, மண்.

1918-ல் மலையடிவாரத்தில் ஒரு பெரிய பாறையை ஒட்டிச் சடங்குப் பொருள்கள் கிடைத்தன. சின்னக் கண்ணாடிகள், வளைந்த மணிகள். கூடவே களிமண்ணில் செய்த உரல், உலக்கை, அகப்பை, எல்லாம் சொப்புச் சாமான் அளவில். அரிசி மதுவான சாக்கே காய்ச்சும் கருவிகளின் மாதிரிகள் இவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தெய்வத்துக்கு எதற்கு உரலும் உலக்கையும்? அதற்குத்தான் பழைய கதைக்குப் போக வேண்டும்.

[காட்சி: வரைபடம். பழைய யமாதோ நாடு.]

712-ல் தொகுக்கப்பட்ட கோஜிகி என்ற பழங்கதை-வரலாற்று நூல் இப்படிச் சொல்கிறது. சுஜின் பேரரசர் காலத்தில் கொள்ளைநோய் வந்து மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பேரரசரின் கனவில் ஓமோனோனுஷி தோன்றினார். "இது என் செயல்தான். ஓததானேகோ என்பவனைக் கொண்டு எனக்கு வழிபாடு நடத்து, நாடு அமைதியாகும்" என்றார். ஆளைத் தேடிப் பிடித்தார்கள். நீ யார் என்று கேட்டால், அவர் அந்தத் தெய்வத்தின் வம்சமாம்!

அது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இகுதமாயோரி என்ற பெண்ணிடம் இரவில் மட்டும் ஓர் அழகன் வந்து போனான். அவள் கருவுற்றாள். அவன் யாரென்று அவளுக்கே தெரியாது. பெற்றோர் சொன்னபடி, அவன் ஆடை விளிம்பில் ஊசியால் சணல் நூலைக் கோத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் நூல் சாவித்துவாரம் வழியாக வெளியே போயிருந்தது. கண்டில் மிச்சம் மூன்றே சுற்று. நூலைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அது மிவா மலைக் கோயிலில் போய் நின்றது. ஜப்பானிய மொழியில் 'மி' என்றால் மூன்று, 'வா' என்றால் வளையம்.

ஓததானேகோ பூசாரியானார், நோய் அடங்கியது. அதே பேரரசர் காலத்தில் இகுஹி என்பவர் இத்தெய்வத்துக்குச் சாக்கே காய்ச்சிப் படைத்ததாக 720-ல் முடிந்த நிஹோன் ஷோகி என்ற வரலாற்று நூல் சொல்கிறது. அந்தக் களிமண் உலக்கையை இப்போது நினைத்துப் பாருங்கள். மதுவும் நோயும் இன்றுவரை இந்தக் கோயிலை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு நவம்பர் 14-ம் தேதியும் சாக்கே காய்ச்சுகிறவர்கள் இங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். சுகி மரத்தின் இலைகளைக் கட்டிய பெரிய பந்து ஒன்று மண்டபத்தில் புதிதாகத் தொங்கும். ஜப்பானிய மதுக்கடை வாசல்களில் காணும் சுகிதமா இதுதான். ஏப்ரல் 18-ல் இன்னொரு விழா. பூ உதிரும்போது நோயும் பரவும் என்று நம்பிய காலத்து விழா. இப்போது மருந்து கம்பெனிகள் மருந்துகளைக் காணிக்கையாக வைக்கின்றன.

[காட்சி: வேறு பாணியில் ஒரு பழைய மண்டபம்.]

1868-ல் அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தது. இங்கேயே இருந்த தைகோரின்ஜி என்ற பௌத்தக் கோயில் மூடப்பட்டது. அங்கிருந்த பதினொரு முகக் கன்னோன் சிலை, அதாவது கருணையின் போதிசத்துவர் சிலை, 8-ம் நூற்றாண்டின் அற்புதம், அதே சகுராயில் உள்ள ஷோரின்ஜி என்ற பௌத்தக் கோயிலுக்குப் போய்ப் பிழைத்தது. தேசியப் பொக்கிஷமான அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆண்டில் எவ்வளவு அழிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பௌத்தக் கோயிலின் கட்டடம் தப்பியது. இப்போது அங்கே வணங்கப்படுகிறவர் ஓததானேகோ.

[காட்சி: சாய் கோயில், மலையேறும் வாசல்.]

நெடுங்காலம் மலையில் பொதுமக்கள் ஏற முடியாது. இப்போது ஓமிவாவைச் சேர்ந்த சிறு கோயிலான சாய் கோயிலில் பெயர் எழுதி, வெள்ளைப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறலாம். சாப்பிடக் கூடாது, எதையும் எடுத்து வரக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது. அதனால் நம் கேமரா இந்த வாசலோடு நிற்கிறது.

[காட்சி: வாசலுக்கு அப்பால் மரங்கள். காற்றின் ஓசை மட்டும்.]