கைக்கும் ஒரு காவல்

(ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை மாலைக் கூட்டத்தில் பேசியது)

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர குருவானவர் ஐயா அவர்களே, உபதேசியார் அவர்களே, சேகரக் கமிட்டிப் பெரியவர்களே, வெயிலைப் பாராமல் பக்கத்துச் சபைகளிலிருந்து வந்திருக்கும் ஐயாமார்களே, காலையிலிருந்து அசன விருந்துப் பந்தலில் பரிமாறிவிட்டு இன்னும் உட்காராத வாலிபத் தம்பிகளே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத்தனை பெரியவர்கள் இருக்கும் மேடையில் எனக்கும் இடம் கொடுத்த ஐயா அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்கிறேன்.

"விழித்திருங்கள்" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. வாய்க்குக் காவல், கண்ணுக்குக் காவல், கைக்குக் காவல் என்று மூன்று காரியம் பேச நினைத்திருக்கிறேன்.

தூங்கினவன் கன்று கடாக்கன்று என்பார்கள். இரண்டு வீட்டு எருமையும் ஒரே ராத்திரி ஈன்றால், விழித்திருந்தவன் பெண் கன்றான கிடேரியைத் தன் தொழுவத்துக்கு மாற்றிக் கட்டிவிடுவான். விடிந்தபின் கேட்டு என்ன பிரயோசனம்? விழித்திருங்கள் என்று இயேசு சொல்லியும் கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன சீஷன் பேதுருதான் பிற்பாடு, "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்" என்று நமக்கு எழுதினார். பட்டவர் சொன்ன சொல் அது.

வாய்க்குக் காவல் 141-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது, வீட்டில் வாசியுங்கள். நான் கைக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. பீடி சுற்றிப் பிழைக்கிறவர். வேதம் வாசிக்காமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டார். மகளுக்குத் திடப்படுத்தல் வந்தது; ஞானஸ்நான வாக்குகளைப் பிள்ளை தானே உறுதி சொல்லுகிற ஆராதனை அது. பிஷப் ஐயா வருகிறார், வெள்ளைச் சேலை எடுக்க வேண்டும், சொந்தக்காரர்களுக்குப் பிரியாணி போட வேண்டும். வட்டிக்குக் கொடுக்கிறவர் வீட்டுக்கே வந்து, "அதுக்கென்னக்கா, வாங்கிக்கோங்க" என்றார். 20,000 ரூபாய், மாதம் நூற்றுக்குப் பத்து. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 18,000 கையில் கொடுத்தார். எழுதாத புரோநோட்டை நீட்டி, "தொகையை அப்புறம் எழுதிக்கலாம்" என்றார். அக்கா கையெழுத்துப் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வெள்ளைச் சேலையில் முழங்கால்படியிட்டு, பிசாசின் கிரியைகளை வெறுக்கிறேன் என்று உறுதி சொல்கிறாள். ஆலய வாசலில் வண்டியை நிறுத்தி அதே ஆள் உட்கார்ந்திருக்கிறார். பிறகு பீடிக்கூலி கைக்கு வருகிற அன்று சாயங்காலமே அந்த வண்டிச் சத்தமும் வரும். ஒரு வருஷத்தில் 24,000 வட்டியாகவே போயிற்று, அசல் அசையவில்லை. அப்புறம் விரல் வீங்கி பீடி சுற்ற முடியாமல் போனது. வெற்றுத் தாளில் 80,000 என்று எழுதிக்கொண்டு வந்து நின்றார் மனுஷன். அந்த வண்டி வாசலில் நிற்குமே என்று அக்கா ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஜெபிக்கத் தெரியாதவரா அவர்? தூங்கினவன் கன்று கடாக்கன்று. பக்கத்துப் பெஞ்சில் இருந்த நாமும் சேர்ந்துதான் தூங்கினோம்.

வேதத்தில் நெகேமியா என்ற தலைவர் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலைக் கட்டினபோது ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தார். அது நெகேமியா புஸ்தகம் 4-ஆம் அதிகாரம். 5-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள்: தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகள் அடிமையாகிறார்கள் என்று. காவலெல்லாம் வெளியே இருக்க, உள்ளே சகோதரனிடம் சகோதரனே வட்டி வாங்கியிருக்கிறான். நூற்றுக்கொன்று என்கிறது வேதம். அதற்கே நெகேமியா கோபங்கொண்டு, சபையைக் கூட்டி, திருப்பிக் கொடுங்கள் என்றார். நம் ஊரில் நூற்றுக்குப் பத்து! அந்த வட்டியை வசூலிக்கிறவர்களில் நம்மோடு திருவிருந்துக்கு வருகிறவர்களும் உண்டு. சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அரசாங்கமே 2003-ல் அதீத வட்டி வசூலுக்குத் தடைச் சட்டம் போட்டுவிட்டதே, சபைக்கு எப்போது விழிப்பு வரும்?

ஐயா அவர்களிடமும் கமிட்டியிடமும் பல தடவை கேட்டதையே திரும்பக் கேட்கிறேன். நம் தாய்மார்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி கர்த்தருக்கென்று எடுத்துவைத்தார்கள். அந்தப் பிடியரிசியை வீட்டுக்கு வீடு மறுபடி தொடங்குவோம். அந்த அரிசியை விற்று வரும் பணத்தில், திடப்படுத்தலுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுக்கும் ஒரு நிதி நம் சபைக்கு வேண்டும். வருகிற கமிட்டிக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குக் காவலைப் பற்றிப் பேச நேரமில்லை, பாடகர் குழுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அசனப் பந்தல் ஓரத்தில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். பிடியரிசிக்குப் பெயர் கொடுக்கிற குடும்பங்கள் அங்கே கொடுக்கலாம். எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இருந்தால் என்னைத் தனியாகப் பாருங்கள், பெயர் வெளியே போகாது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.