பழைய டொயோட்டா பிக்கப்: போன இழுவையை எங்கே தேடுறது?

[திரையில்: கொலராடோ மலைச்சாலை. மூணாவது கியர்ல திணறி ஏறுது ஒரு 1984 டொயோட்டா பிக்கப்]

பானட்டைத் திறந்தா 22ஆர் எஞ்சின். நாலு சிலிண்டர், 2,366 சிசி, கார்ப்ரேட்டர். அமெரிக்காவுல இதை வெறும் ‘பிக்கப்’னு வித்தாங்க, மத்த ஊர்கள்ல இதுதான் ஹைலக்ஸ். புதுசா இருந்தப்பவே இதோட பவர் 97 குதிரைத்திறன் தான். மலை ஏறினா அதுவும் குறையும்: ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம். டென்வர் நகரம் 5,280 அடி உயரத்துல இருக்கு. அங்க நின்னாலே 15 குதிரை காலி.

அதனால பார்ட்ஸ் வாங்க ஓடாதீங்க. முதல்ல அந்த 97-ல எத்தனை மிச்சம் இருக்குன்னு பார்க்கலாம்.

[திரையில்: ஏர் ஃபில்டர் கழட்டியாச்சு. கார்ப்ரேட்டர் வாய்க்குள்ள டார்ச் வெளிச்சம்]

எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, ஒருத்தரை உள்ள உட்கார வெச்சு ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கச் சொல்லுங்க. நீங்க மேல இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. கீழே தெரியுற த்ராட்டில் தகடு நேரா செங்குத்தா நிக்கணும். சாய்ஞ்சு நின்னா கேபிள் தளர்ந்திருக்கு. இத்தனை நாளும் முழு மிதிக்கு முக்கால் காத்துதான் உள்ள போயிருக்கு! செலவே இல்லாத வேலை இது.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரிச்சுக் கொடுக்குறது. எஞ்சினோட உறிஞ்சலை வெச்சு ஸ்பார்க்கை முன்கூட்டியே வர வைக்கிற வேக்குவம் அட்வான்ஸோட ஹோஸைக் கழட்டி வாயாலேயே உறிஞ்சுங்க. மூடியைத் திறந்து வெச்சிருந்தா உள்ள இருக்குற தட்டு நகர்றது தெரியும். நகரலை, காத்து சும்மா வருதுன்னா உள்ள இருக்குற டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிஞ்சாச்சு. அப்புறம் பானட்டுக்கு அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற ஸ்பார்க் டைமிங்கை வெச்சாலும் ஓட்டத்துல ஸ்பார்க் லேட்டாத்தான் வரும்.

டேப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளி: எஞ்சின் சூட்டுல இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. டிக் டிக்னு சத்தம் வந்தா எல்லாரும் பயப்படுறாங்க. எனக்கு சத்தமே வராத எஞ்சின் மேலதான் சந்தேகம். இடைவெளி இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு சரியா மூடாது, கருகிப் போகும், கம்ப்ரஷனும் போயிடும்.

[திரையில்: டைமிங் கவரின் உள்பக்கம், செயின் அறுத்த பள்ளம்]

1983-க்கு அப்புறம் வந்த 22ஆர்-ல வால்வுகளை ஓட்டுற டைமிங் செயின் ஒத்தை வரி, அதைத் தாங்குறது பிளாஸ்டிக் கைடு. கைடு உடைஞ்சா செயின் டைமிங் கவரையே அறுக்கும். ஓட்டை விழுந்து கூலன்ட் ஆயில்ல கலந்தா, ஆயில் பால் காபி மாதிரி ஆயிடும். காலைல ஸ்டார்ட் பண்ணும்போது முன்னாடி கடகடன்னு கேட்டா, மத்ததை எல்லாம் நிறுத்திட்டு இதைப் பாருங்க.

இதெல்லாம் சரின்னா இப்ப பார்ட்ஸுக்கு வருவோம். எல்லாரும் சொல்றது வெபர் 32/36 கார்ப்ரேட்டர். ரெண்டு தொண்டை, 32 மி.மீ., 36 மி.மீ. பழைய கார்ப்ரேட்டர் தேஞ்சு போயிருந்தா தாராளமா போடலாம், ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளை) மாத்துறதும் சுலபம். நல்லா இருக்குற ஒரிஜினலைக் கழட்டிட்டுப் போட்டா பெருசா வித்தியாசம் தெரியாது. கலிஃபோர்னியாவுல இருந்தா, அந்த கிட்டுக்கு அரசு அனுமதி எண் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. 1976 மாடல்ல இருந்து வந்த வண்டிக்கு அங்க புகைச் சோதனை உண்டு. பானட்டுக்குள்ள திறந்தவெளி ஏர் ஃபில்டர் வெக்கிறது சத்தத்துக்குத்தான், அது இழுக்கிறது எஞ்சின் சூட்டுக் காத்தை. ஹெடர் (எஞ்சின்ல இருந்து புகையை வெளியேத்துற தனித்தனிக் குழாய்கள்) போடலாம். ஆனா பின்னாடி ரொம்ப அகலமான புகைக் குழாய் வேண்டாம். இந்த எஞ்சினோட முழு டார்க்கும் (திருகு விசை) 2,800 ஆர்பிஎம்-லயே வந்துடும். பலமே கீழ் வேகத்துலதான், அதை நாமளே கெடுக்கக் கூடாது.

[திரையில்: 33 இஞ்ச் டயர், பக்கத்துல பழைய ஸ்டாக் டயர்]

இப்ப நிஜமான குற்றவாளி. நாலு வீல் டிரைவ் வண்டிகள்ல ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுத்து சுத்த டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிறது) பெரும்பாலும் 4.10. அது 28 இஞ்ச் சொச்சம் டயருக்குப் போட்ட கணக்கு. நீங்க 33 இஞ்ச் மாட்டினா அந்த 4.10 சுமார் 3.5 மாதிரிதான் வேலை செய்யும். எஞ்சின் என்ன பண்ணும் பாவம்? ஆக்சிலுக்குள்ள இருக்குற கிரவுன்-பினியன் கியரை 4.88-க்கு மாத்தினா பழைய இழுவை திரும்பி வரும், எந்த கார்ப்ரேட்டரும் அவ்வளவு தராது. முன் ஆக்சில், பின் ஆக்சில் ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. ஒண்ணை மட்டும் மாத்திட்டு நாலு வீல் டிரைவைப் போட்டா, முன்னுக்கும் பின்னுக்கும் பவரைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.