மேஃப்ளை எழும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். மழை விட்ட மாலையில் சிங்கப்பூரில் நம் புளோக்கின் தாழ்வார விளக்கை ஈசல் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் ஹேம்ப்‌ஷியரில் டெஸ்ட் ஆற்றங்கரையில் மே மாதக் கடைசியில் நின்றால், அப்படியொரு கூட்டம் தண்ணீருக்குள்ளிருந்தே கிளம்பி வரும். அது ஈசல் அல்ல, மேஃப்ளை என்னும் சிறகுப் பூச்சி.

டெஸ்ட், சுண்ணாம்புப் பாறை ஊற்றில் பிறக்கும் ஆறு. குளிர்கால மழை பாறைக்குள் இறங்கி, மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து வருகிறது. ஊற்றுவாயில் ஆண்டு முழுவதும் 10, 11 டிகிரிதான். ஒரு மழைக்கே பொங்கிவிடும் நம் கால்வாய்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் என்ற தெளிவு மலைப்பாக இருந்தது.

பூச்சிபோல் இறகு கட்டிய தூண்டில் முள்ளை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் கலைக்காகத்தான் அங்கே போயிருந்தேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் ஒரு மீனும் தொடவில்லை. நீரின்மேல் மிதக்கும் செயற்கை ஈயைக் கட்டியிருந்தேன். ட்ரௌட் மீன்களோ முதுகையும் வாலையும் மட்டும் காட்டிவிட்டு அமிழ்ந்தன. குமிழியே இல்லை. அதைத்தான் நான் கவனிக்கத் தவறினேன். மிதக்கும் ஈயைக் கவ்வும் மீன் காற்றையும் சேர்த்து விழுங்கும். அந்தக் காற்று செவுள் வழியாக வெளியேறிக் குமிழியாக மிதக்கும். குமிழி இல்லையென்றால், மீன் நீருக்குள் மேலேறி வரும் இளம்பூச்சியைத் தின்கிறது என்று பொருள். முள்ளை மாற்றி, சற்றே அமிழவிட்டேன். மூன்றாவது வீச்சில் மீன் இழுத்தது.

அன்று என் சட்டைக் கையில் ஒரு மேஃப்ளை வந்து உட்கார்ந்தது. பாய்மரம்போல் நிமிர்ந்த பசுமஞ்சள் சிறகு, மூன்று வால் இழைகள். சேற்றுக்குள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு வந்த உயிர் அது! சிறகு முளைத்த பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கும். வேறெந்தப் பூச்சியினத்துக்கும் இந்த வழக்கம் இல்லை. வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை. மாலையில் கூட்டமாக ஆடி, நீரில் முட்டையிட்டு, சிறகை விரித்தபடி மிதந்து சாகிறது. அந்நேரம் ட்ரௌட் அவசரப்படாமல், உறிஞ்சுவதுபோல் எடுத்துக்கொள்ளும்.

நம் ஊரில் வசந்தமும் இல்லை, இப்படியொரு பருவமும் இல்லை. நீர்த்தேக்கங்களில் அனுமதித்த இடங்களில் செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம் என்பதால், இந்தக் கலை இங்கேயும் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் வீசுவதற்கு முன் அரைமணி நேரம் நீரைப் பாருங்கள். பிடோக் நீர்த்தேக்கத்தில் விடியற்காலையில் பொடிமீன்கள் கரையோரம் சிதறித் துள்ளினால், பின்னால் பீக்காக் பாஸ் என்னும் வேட்டை மீன் துரத்திக்கொண்டிருக்கக்கூடும். மீன்குஞ்சுபோல் இறகு கட்டிய முள்ளை அந்த இடத்திற்குச் சற்று முன்னால் வீசுங்கள்.