வீட்டுக்குள் வந்து டிரம்மைத் திறந்து பார்க்கிறார்களே, ஏன்?

சாயங்காலம் தெருவில் புகை மருந்து அடித்துக்கொண்டு போனால் நமக்கு ஒரு நிம்மதி. சரி, இனி கொசு இருக்காது என்று. ஆனால் அந்தப் புகை, தன் மேல் படுகிற, பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ கட்டிலுக்கு அடியிலும், ஆணியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் ஒண்டியிருக்கும். தெருப் புகை அங்கே எட்டுவது கஷ்டம். கடிப்பதும் பகலில்தான்.

உண்மையான வேலை காலையில் நடக்கிறது. தமிழ்நாட்டின் ஊர்களில் டார்ச்சோடு வீடு வீடாக வருகிற டி.பி.சி. பணியாளர்கள், அதாவது வீட்டுக்குள் கொசு உற்பத்தியாகிறதா என்று சோதிப்பவர்கள், செய்வது அதைத்தான்.

(காட்சி: நீல டிரம்முக்குள் டார்ச் வெளிச்சம்)

போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா டிரம்முக்குள் டார்ச் அடித்தார். "நல்லா பாருங்க" என்றார். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்புறம் தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிய மெல்லிய நூல்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. கொசுப்புழு! நான்கு நாளைக்கு முன்னால்தான் அந்த டிரம்மைக் காலி செய்து நிரப்பியிருந்தோம்.

அங்கேதான் நாம் தவறு செய்கிறோம். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரச் சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். அதனால் உட்புறத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டு, நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கோடையில் காய்ந்து கிடந்த டயரும் ஆட்டுக்கல்லும் முதல் மழையிலேயே கொசுவைக் கொடுப்பது இப்படித்தான்.

வாரம் ஒருமுறை வருவதற்கும் கணக்கு உண்டு. நம் வெயிலில் முட்டை கொசுவாகச் சுமார் 7 முதல் 10 நாள். அதற்குள் ஒரு தடவை தேய்த்துக் கழுவினால் அந்தத் தலைமுறை பறக்காது.

கழுவ முடியாத தொட்டிக்கு அபேட் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்றுவார்கள். வாசனை வருகிறதே என்று சிலர் பணியாளர்கள் போனதும் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை குடிநீரிலேயே போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு.

இந்த முறை புதிதும் அல்ல. 1901-இல் கியூபாவின் ஹவானாவில் இதே கொசு மஞ்சள் காய்ச்சலைப் பரப்பியபோது, வீடு வீடாகத் தண்ணீர்ப் பாத்திரங்களைச் சோதித்ததும் அந்த நோயை அடக்க உதவியது. தடுப்பூசி வருவதற்குப் பல வருடம் முன்பு.

(காட்சி: ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு)

கிளம்பும்போது அக்கா ஃபிரிட்ஜை நகர்த்தச் சொன்னார். பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதிலும் புழு.

கதவோரத் தாளில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பூட்டியிருந்தது. கம்பிக் கதவு வழியே மூடாத டிரம் ஒன்று தெரிந்தது. ஏடிஸ் சில நூறு மீட்டர் பறக்கும். அந்த டிரம்முக்கும் எங்கள் வாசலுக்கும் இருபது அடிகூட இல்லை.