மோட்டர் மேல் பழி போடாதீர்கள்

நேயர்களே, வணக்கம். முப்பது வருசமாகப் பழைய கார்களோடு பழகுகிறவன் நான். ஏப்ரல் மாதம் நுவரெலியா சீசனுக்கு மட்டும் வெளியே எடுத்து, மற்ற நாளெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவைக்கும் கார்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. மே மாத மழையில் சுவிட்சைப் போட்டால் வைப்பர் அசையாது. உடனே, 'மோட்டர் போய்விட்டது' என்பார்கள். அநேகமாக மோட்டர் போயிருக்காது.

நான் சிறுவனாக இருந்தபோது அப்பாவின் மொரிஸ் மைனரில் நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு வந்துகொண்டிருந்தோம். பின் சீட்டில் சந்தையில் வாங்கிய கிழங்கு மூட்டை. லபுக்கலை தாண்டியதும் மழை கொட்டியது. வைப்பர் கண்ணாடியின் நடுவில் வந்து நின்றுவிட்டது. இறம்பொடை வளைவுகள் இனித்தான் வரவேண்டும், உங்களுக்குத் தெரியுமே. அப்பா காரை ஓரங்கட்டினார். மூட்டையை அவிழ்த்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, பாதியாக வெட்டி, கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். அம்மா குடை பிடித்தார். தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் பரவி வழிந்தது, பாதை தெரிந்தது. நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி, புதுக் கிழங்கு வெட்டித் தேய்த்து, அப்படியேதான் இறங்கினோம். இன்றைக்கும் கிழங்கு வாசனை வந்தால் எனக்கு அந்த மழை ஞாபகம் வரும்.

மறுநாள் கராஜில் மெக்கானிக் பாஸ், மோட்டரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். மோட்டர் ஜோராகச் சுற்றியது! இறுகிக் கிடந்தது இடப்பக்க வைப்பரின் அச்சு.

அந்தக் கார்களில் மோட்டர் ஒரு கேபிளை முன்னும் பின்னும் இழுக்கிறது. கேபிளின் மேல் திருகாணி போலக் கம்பி சுற்றியிருக்கும். அது ஒவ்வொரு வைப்பருக்கும் கீழே உள்ள பல்சக்கரத்தைத் திருப்பும். அச்சு வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, துருப்பிடித்து, பழைய கிரீசும் மெழுகாக இறுகினால் எல்லாம் நின்றுபோகும். அந்த நிலையில் சுவிட்சை விட்டுவைத்தால் நல்ல மோட்டரும் கருகிவிடும். கையால் வைப்பரைத் தள்ளவும் வேண்டாம், பல் உடையும்.

பெட்டரி வயரைக் கழற்றுங்கள். வைப்பர் கைகளை எடுத்துவிட்டு, மோட்டரின் பெரிய நட்டைத் தளர்த்தி, கேபிளை உருவுங்கள். கேபிளை இழுக்க 6 இறாத்தலுக்கு மேல், அதாவது 2.7 கிலோவுக்கு மேல் பலம் தேவைப்படக் கூடாது. பிறகு அச்சுகளை விரலால் திருப்பிப் பாருங்கள். இறுகியதற்கு மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் அசையுங்கள். சுத்தியல் மட்டும் வேண்டாம், அச்சின் நுனியில் உள்ள பல் வரிகள் சிதைந்தால் வைப்பர் கை பிடிக்காது. இளகியதும் பழையதைத் துடைத்துப் புதுக் கிரீஸ் பூசுங்கள். திரும்பவும் சொல்கிறேன், மோட்டரைக் கடைசியாகப் பாருங்கள்.

நேரம் முடிந்துவிட்டதென்று கை காட்டுகிறார்கள். ரப்பரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்டிப் பார்க்காதீர்கள், தண்ணீர் தெளித்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். வணக்கம்.